கொந்தராத்துப் பணத்தில் கைமாறிப் போகும் பங்கு: உப ஒப்பந்தக் கொடுப்பனவும் வருமான வரிக் கழிவும்

சொந்தமாகத் தொழில் செய்யும் ஒருவர் ஒரு வேலையை ஒப்புக்கொண்டு, அதில் ஒரு பகுதியை வேறொருவரிடம் கொடுத்துச் செய்விக்கும்போது அந்த வேறொருவர் உப ஒப்பந்தக்காரர் ஆகிறார். அவருக்குக் கொடுக்கும் பணம் முதலாமவரின் தொழிற்செலவு. இலங்கையின் வருமான வரிச் சட்டம் அந்தச் செலவை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளிக்கிறது. ஆனால் கழிவு தானாக வந்து சேராது. பணம் யாரிடம், எந்த வேலைக்காக, எப்போது போனது என்று காட்டக்கூடியவருக்கே அது கிடைக்கும். காட்ட முடியாதவர், தன் கையில் ஒரு நாள்கூடத் தங்காத பணத்துக்கும் வரி கட்ட நேரிடும்.

திருகோணமலை மாவட்டத்தில் தொழில்கள் பெரும்பாலும் இப்படிக் கைமாறியே நடக்கின்றன. உப்புவெளி, நிலாவெளிக் கரையில் விருந்தினர் விடுதி நடத்துபவர் புறாத்தீவுக்குப் பயணிகளை அனுப்பப் படகுக்காரரைப் பிடிக்கிறார். சீனன்குடாப் பக்கத்து ஆலைகளில் பராமரிப்பு வேலை எடுப்பவர் வெல்டிங் வேலையை மற்றொருவரிடம் விடுகிறார். கிண்ணியாவில் கல்யாண மண்டப அலங்காரம் ஒப்புக்கொள்பவர் மின்விளக்கு வேலைக்கு ஆள் தேடுகிறார். மாவட்டத்தின் தென்கோடியில், வெருகல் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கும் இலங்கைத்துறை முகத்துவாரம் போன்ற கரையோரக் கிராமங்களில் வீடு, வாய்க்கால், மதகு, பாடசாலைச் சுற்றுமதில் என்று கட்டட வேலைகளே முதன்மையானவை. போருக்கும் கடற்கோளுக்கும் பிந்திய ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் வந்த வீட்டுத்திட்டங்கள் பல, உதவிப் பணத்தை வீட்டுக்காரரிடமே கொடுத்து அவரே கட்டிக்கொள்ளும் முறையில் நடந்தன. அப்போது கூலிக்கு மட்டும் கொந்தராத்து எடுத்து வேலை பழகிய மேசன்மார் பலர் பின்பு பொருளோடு சேர்த்துக் கொந்தராத்து எடுக்கும் நிலைக்கு வந்தார்கள். ஓடாவியும் வயரிங் வேலைக்காரரும் குழாய் வேலைக்காரரும் பெயின்ட் அடிப்பவரும் இன்று அவர்களிடம் உப ஒப்பந்தக்காரர்கள்.

இந்தத் தொழிலின் பணப்பேச்சு வாய்ப்பேச்சுதான். சதுர அடிக்கு இவ்வளவு, கூரைக்கு இவ்வளவு என்று நின்ற நிலையில் முடிவாகிவிடும். சனிக்கிழமை மாலை காசாகக் கை மாறும். நம்பிக்கையின் மேல் நடக்கும் இந்த முறையில் குறை சொல்ல ஏதுமில்லை, வரிக் கணக்கு என்று வரும்வரை.

இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டு அறிமுகமானது. இப்போது நடைமுறையில் இருப்பது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம். இது 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அதன்பின் பல தடவை திருத்தப்பட்டது. சட்டம் வரி விதிப்பது வியாபாரத்தின் இலாபத்துக்கு, வரவு முழுவதற்கும் அல்ல. இலாபத்தைக் கண்டுபிடிக்கும் வழியை அதன் 11ஆம் பிரிவு சொல்கிறது. அந்த ஆண்டில், அந்த வியாபாரத்தின் வருமானத்தை உண்டாக்குவதற்காகப் பட்ட செலவுகள் கழிக்கப்படும். மூலதனத் தன்மையான செலவுகள் இதில் சேரா. 10ஆம் பிரிவு எவை கழிக்கப்படமாட்டா என்று பட்டியலிடுகிறது. வீட்டுச் செலவு, வருமான வரி, சட்டத்தை மீறியதற்கான அபராதம், விருந்துபசாரச் செலவு ஆகியவை அதில் அடங்கும். உப ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் கூலி என்று தனியாக ஓர் ஏற்பாடு சட்டத்தில் இல்லை. 11ஆம் பிரிவின் பொது விதிக்குள்ளேதான் அது வருகிறது. ஆகவே, பாடசாலை மதிலைக் கட்டிய மேசனுக்குக் கொடுத்த பணம் கழியும். அதே மேசன் அடுத்த வாரம் ஒப்பந்தக்காரரின் சொந்த வீட்டுக்குக் குசினி கட்டினால், அந்தப் பணம் வீட்டுச் செலவாகிவிடும்.

தொகைகளை வைத்துப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். வெருகல் பக்கத்துக் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவருக்கு 2025/26 மதிப்பீட்டாண்டில், அதாவது 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை, கொந்தராத்துகளால் 120 இலட்சம் ரூபா வந்தது என்று வைத்துக்கொள்வோம். சீமெந்து, கம்பி, மணல், கூரைத்தகடு ஆகிய பொருள்களுக்கு 45 இலட்சம். மேசனுக்கு 24 இலட்சம், ஓடாவிக்கு 9 இலட்சம், வயரிங்கும் குழாயும் சேர்த்து 6 இலட்சம் என உப ஒப்பந்தக்காரர்களுக்கு 39 இலட்சம். தன்னிடம் நேரடியாக வேலை செய்வோருக்கு 9 இலட்சம். பெக்கோ, டிப்பர் வாடகை 5 இலட்சம். எல்லாம் கழிந்தால் இலாபம் 22 இலட்சம். தனிநபர் நிவாரணம் 2025/26 முதல் 18 இலட்சம் ரூபா. அதையும் கழித்தால் வரிக்குரியது 4 இலட்சம் மட்டுமே. முதல் 10 இலட்சத்துக்கு வரி 6 வீதம் என்பதால் கட்ட வேண்டியது 24,000 ரூபா.

இப்போது, உப ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுத்த 39 இலட்சத்துக்கும் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை, அதனால் அது கழிவாக ஏற்கப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். இலாபம் 61 இலட்சமாகக் கணக்கிடப்படும். நிவாரணம் போக 43 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 60,000 ரூபா. அடுத்த ஐந்து இலட்சத்துக்கு 18 வீதப்படி 90,000. அதற்கடுத்த ஐந்து இலட்சத்துக்கு 24 வீதப்படி 1,20,000. இன்னோர் ஐந்து இலட்சத்துக்கு 30 வீதப்படி 1,50,000. எஞ்சிய 18 இலட்சத்துக்கு 36 வீதப்படி 6,48,000. மொத்தம் 10,68,000 ரூபா. உழைப்பும் அதே, வேலையும் அதே, வீட்டுக்குக் கொண்டுபோன பணமும் அதே 22 இலட்சம்தான். அதில் ஏறக்குறைய பாதி, எழுதி வைக்காத காரணத்துக்காக மட்டும் போய்விடுகிறது. வரி வீதங்கள் படிப்படியாக ஏறுவதால், விடுபட்ட கழிவு எப்போதும் ஆக உயர்ந்த படியிலேயே வந்து அடிக்கிறது.

இப்படி ஆவதற்கு ஒரு காரணம், வரவு மட்டும் எழுத்தில் இருப்பது. பிரதேச சபையோ திணைக்களமோ நிறுவனமோ கொடுக்கும் பணம் காசோலையாக வங்கிக் கணக்கில் விழுகிறது. கொடுத்தவரின் கணக்கிலும் ஒப்பந்தக்காரரின் பெயர் இருக்கிறது. செலவோ காசாகப் போகிறது. இரு பக்கத்தில் ஒன்று கல்லில் எழுதியதுபோல் நிற்க, மற்றது வாய்ச்சொல்லாக மட்டும் நிற்கிறது. வரி மதிப்பீடு தவறானது என்று நிறுவும் பொறுப்பும் வரி செலுத்துபவருடையதே. ஆகவே, செலவை எழுத்தில் கொண்டுவருவதுதான் கழிவுக்கான முழு வேலையும்.

அந்த எழுத்துக்குப் பெரிய கணக்காளர் அறிவு வேண்டியதில்லை. வேலை தொடங்குமுன் ஒரு பக்கத்தில் ஓர் உடன்படிக்கை: எந்த இடத்தில், என்ன வேலை, சதுர அடிக்கோ முழு வேலைக்கோ என்ன விலை, பொருள் யாருடையது, பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு. அதில் இருவர் கையொப்பமும் உப ஒப்பந்தக்காரரின் முழுப்பெயர், விலாசம், தேசிய அடையாள அட்டை இலக்கம், இருந்தால் டின் எனப்படும் வரிசெலுத்துநர் அடையாள இலக்கம் ஆகியவையும். வேலை ஒரு கட்டம் முடிந்ததும் அவர் தரும் பில். அதில் அளவு இருப்பது நல்லது; இத்தனை சதுர அடி பூச்சு, இத்தனை கதவு நிலை என்ற அளவு, வேலை உண்மையில் நடந்தது என்பதற்குத் தானே சாட்சி. பணம் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு. 25,000 ரூபாவுக்கு மேற்பட்டால் முத்திரை ஒட்டிக் கையொப்பம். இவற்றைவிட வலுவானது வங்கி வழியான கொடுப்பனவு. காசோலையோ கணக்குக்குக் கணக்கு மாற்றுவதோ ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. பின்னாளில் கேட்டாலும் வங்கிக் கூற்று அதைச் சொல்லும். காசாகக் கொடுத்த செலவும் ஆதாரம் இருந்தால் கழியும். ஆனால் காசுக்கும் பற்றுச்சீட்டுக்கும் இடையில் ஐயம் எழுந்தால், அதைத் தீர்க்க மூன்றாவது சாட்சி கிடையாது. எழுத்து எந்த மொழியில் இருக்க வேண்டும் என்ற தயக்கம் தேவையற்றது. தமிழில் எழுதிய உடன்படிக்கையும் கணக்குப் புத்தகமும் போதும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் குறுக்கிடுகிறது, அது மனிதர்களின் அச்சத்தில் பிறப்பது. மேசனிடம் பில் கேட்டால் அவர் பின்வாங்குவார். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிவிட்டால் வரிக்காரர் தன் வாசலுக்கு வந்துவிடுவார் என்ற பயம். பெரும்பாலோருக்கு இந்தப் பயம் அடிப்படை இல்லாதது. ஆண்டுக்கு 18 இலட்சம், அதாவது மாதத்துக்கு ஒன்றரை இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்கு வரி இல்லை. மேலே சொன்ன கணக்கில் மேசன் பெற்றது 24 இலட்சம். ஆனால் அவரும் தன் கையாள்களுக்குக் கூலி கொடுத்திருப்பார். தட்டும் பலகையும் வாடகைக்கு எடுத்திருப்பார். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடித்திருப்பார். அவற்றுக்கு 10 இலட்சம் போயிருந்தால் அவர் இலாபம் 14 இலட்சம், வரி எதுவும் இல்லை. ஒப்பந்தக்காரருக்குக் கிடைக்கும் அதே கழிவு அவருக்கும் உண்டு, அவரும் எழுதி வைத்திருந்தால். 2024 முதல் 18 வயது நிரம்பியவர்கள் டின் இலக்கத்துக்குப் பதிய வேண்டும் என்ற விதி வந்திருப்பதால், இலக்கம் வைத்திருப்பதை வரி கட்டுவதோடு சேர்த்துப் பார்க்கத் தேவையில்லை. மேசனுக்கு எழுத்தில் ஒரு வருமானம் இருப்பது வங்கிக் கடனுக்கோ குத்தகை முறையில் வாகனம் எடுப்பதற்கோ அவருக்கே உதவும். இதை ஒப்பந்தக்காரர்கள் தம்மோடு வேலை செய்வோரிடம் பொறுமையாக எடுத்துச் சொல்வது இருவருக்கும் நல்லது. சிலர் செய்வதுபோல், உண்மையில் வேலை செய்யாத ஒருவரின் பெயரில் பில் எழுதிக்கொள்வது அதற்கு மாற்றல்ல. அது பொய்க் கணக்கு, தண்டனைக்குரிய குற்றம்.

அடுத்ததாக எழும் கேள்வி மிக முக்கியமானது: பணம் வாங்குபவர் உண்மையில் உப ஒப்பந்தக்காரரா, அல்லது ஊழியரா? கொடுக்கும் பணம் இரண்டு நிலையிலும் செலவாகக் கழியும். ஆனால் ஊழியர் என்றால் கூடவே கடமைகள் வரும். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் சம்பளத்தின் 12 வீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 வீதம் பிடித்துக் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு மேலும் 3 வீதம், அதுவும் வேலை கொடுப்பவருடையது. சம்பளம் வரி எல்லையைத் தாண்டினால் அதில் வரியும் பிடிக்க வேண்டும்.

தாளில் உப ஒப்பந்தம் என்று எழுதிவிட்டால் மட்டும் ஒருவர் உப ஒப்பந்தக்காரர் ஆகிவிடமாட்டார். உறவின் உண்மையான தன்மையே பார்க்கப்படும். வேலை நேரத்தை யார் தீர்மானிக்கிறார்? காலை ஏழரைக்கு வந்து ஐந்து மணிக்குப் போக வேண்டும் என்று சொல்லப்படுபவர் ஊழியரின் பக்கம் சாய்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கூரை முடிந்தால் போதும் என்று சொல்லப்படுபவர் மறுபக்கம். கருவிகள் யாருடையவை? தன் உளியும் இழைப்புளியும் மின்வாளும் கொண்டுவரும் ஓடாவியின் நிலை, கொடுத்த மண்வெட்டியைப் பிடிக்கும் கூலியாளின் நிலையிலிருந்து வேறானது. தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப அவருக்கு உரிமை உண்டா? வேலை பிழைத்தால் தன் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டியவரா? நட்டத்தைத் தாங்குபவர் தொழில் நடத்துபவர். நாள் முடிந்தால் நாட்கூலி நிச்சயம் என்றிருப்பவர் பெரும்பாலும் ஊழியர். ஒரே காலத்தில் வேறு இடங்களிலும் வேலை செய்கிறாரா என்பதும் கவனிக்கப்படும். எந்த ஒரு கேள்வியின் விடையும் தனியே முடிவு சொல்லாது, எல்லாம் சேர்த்து எடை போடப்படும்.

கிராமத்துக் கட்டட வேலையில் இந்த எல்லை பல இடங்களில் மங்கலாகவே இருக்கிறது. மேசன் உப ஒப்பந்தக்காரராக இருக்கலாம். ஆனால் அவருடைய கையாள்களுக்கு வாரக் கூலியை ஒப்பந்தக்காரரே நேரடியாகக் கொடுத்து, வேலையும் சொன்னால், அந்தக் கையாள்கள் யாருடைய ஆட்கள் என்ற கேள்வி எழும். மேசனுக்குரிய தொகை முழுவதையும் மேசனுக்கே கொடுத்து, கையாள்களின் கூலியை அவரே கொடுக்க விடுவது கணக்கைத் தெளிவாக்கும். அதைவிடப் பெரிய விடயம், சேமலாப நிதி இல்லாமல் இருபது வருடம் சீமெந்தில் உழைத்து ஓய்பவர்களின் முதுமை. இந்த நிதிக் கட்டணங்களைத் தவிர்ப்பதற்காக ஊழியர்களை உப ஒப்பந்தக்காரர் என்று பெயர் மாற்றுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. அந்த 12 வீதமும் 3 வீதமும் வியாபாரத்தின் செலவாகக் கழியக்கூடியவை என்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும்.

செலவு எந்த ஆண்டுக்குரியது என்பது கணக்கு வைக்கும் முறையைப் பொறுத்தது. கம்பனிகள் பொறுப்பு உண்டான நாளை வைத்தே கணக்கு வைக்க வேண்டும். தனிநபர் வியாபாரி பணம் கை மாறும் நாளை வைத்தும் கணக்கு வைக்கலாம். எந்த முறையானாலும் வரவுக்கும் செலவுக்கும் ஒரே முறையைத் தொடர்ந்து பின்பற்ற வேண்டும். கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, தையில் மீண்டும் தொடங்கும் வேலைகள் பல மார்ச் 31க்குள் முடிவதில்லை. காசு முறையில் கணக்கு வைப்பவர் மார்ச்சில் முடிந்த ஓடாவி வேலைக்கு ஏப்ரலில் பணம் கொடுத்தால், அந்தக் கழிவு அடுத்த மதிப்பீட்டாண்டுக்குப் போய்விடும். குறைபாடுகள் திருத்தப்படும்வரை தடுத்து வைக்கும் பணத்துக்கும் இதே விதி: காசு முறையில், அது உப ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கப்படும் ஆண்டில்தான் செலவு. பின்னால் தேவைப்படும் என்று சும்மா ஒதுக்கி வைத்த தொகையைச் செலவாகக் காட்ட முடியாது. பொருளைப் பற்றியும் ஒரு சொல். பொருளோடு சேர்த்து உப ஒப்பந்தம் விட்டால் சீமெந்துப் பில் உப ஒப்பந்தக்காரரின் பெயரில் இருக்கும். முழுத்தொகையும் அவருக்கான கொடுப்பனவு. கூலிக்கு மட்டும் விட்டால் சீமெந்துப் பில் ஒப்பந்தக்காரரின் பெயரில் இருக்க வேண்டும். ஒரே மூட்டை இரண்டு இடத்தில் செலவாகப் பதிந்துவிடக் கூடாது.

பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்ளும் கடமையும் சில கொடுப்பனவுகளில் உண்டு. 2020 ஜனவரியில் நீக்கப்பட்டிருந்த இந்த ஏற்பாடு, 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் 2023 ஜனவரி 1 முதல் மீண்டும் வந்தது. ஊழியரல்லாத, இலங்கையில் வதியும் தனிநபருக்கு, குறித்த சில சேவைகளுக்காக மாதத்துக்கு 1,00,000 ரூபாவுக்கு மேல் கொடுத்தால் 5 வீதம் பிடிக்க வேண்டும். கற்பித்தல், முகவர் தரகு, விலைக்கோரல் அல்லது கேள்விப்பத்திரம் மூலம் பொருள் வழங்கல், பொறியியலாளர், கணக்காளர், சட்டத்தரணி, மென்பொருள் உருவாக்குநர் போன்றோரின் சேவை ஆகியவை இதில் வரும். வியாபாரத்துக்காக இல்லாமல் தன் சொந்தத் தேவைக்குப் பணம் கொடுக்கும் தனிநபருக்கு இந்தக் கடமை இல்லை. வியாபாரமாகச் செய்பவருக்கு உண்டு. வரைபடம் போட்டுத் தரும் பொறியியலாளருக்கு ஒரு மாதத்தில் ஒன்றரை இலட்சம் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் 7,500 ரூபாவைப் பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டி, பொறியியலாளருக்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். பிடிக்கத் தவறினால் அந்தத் தொகைக்கு அவரே பொறுப்பாளி. செலவாகக் கழிவது முழு ஒன்றரை இலட்சமும்தான். பிடித்த 7,500 ரூபா பொறியியலாளரின் வரியாக அவர் பெயரில் செல்லும் பங்கு. கையில் கிடைப்பது குறைந்தாலும் அது வீணாவதில்லை. ஆண்டு முடிவில் அவர் தன் வரியில் அதைக் கழித்துக்கொள்வார், வரியே இல்லையென்றால் திருப்பிக் கேட்கலாம். தான் கொடுக்கும் வேலை இந்தப் பட்டியலுக்குள் வருமா என்பதை உடன்படிக்கை எழுதுமுன்பே திணைக்களத்தின் 1944 என்ற அழைப்பிலக்கத்தில் கேட்டுக்கொள்வது பின்னால் வரும் வழக்கைத் தவிர்க்கும். வாடகைக்கு வேறு விதி: மாதம் 1,00,000 ரூபாவுக்கு மேற்பட்ட வாடகையில் 10 வீதம் பிடிக்கப்பட வேண்டும்.

அக்கரையில் தமிழ்நாட்டு ஒப்பந்தக்காரர்களுக்கு விதி இன்னும் இறுக்கமாக இருந்து வந்திருக்கிறது. இந்தியாவின் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194சி பிரிவு, உப ஒப்பந்தத் தொகை ஒரே தடவையில் 30,000 ரூபாயையோ ஓர் ஆண்டில் ஒரு இலட்சத்தையோ தாண்டினால் தனிநபரிடம் 1 வீதமும் நிறுவனத்திடம் 2 வீதமும் பிடிக்கச் சொன்னது. பிடிக்கக் கடமைப்பட்டவர் பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 வீதம் கழிவாக ஏற்கப்படாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் காசாகக் கொடுத்த செலவும் பொதுவாகக் கழியாது. பிரித்தானியாவில் கட்டட வேலைக்கென்றே தனித் திட்டம் உண்டு. பதிவு செய்த உப ஒப்பந்தக்காரரின் கூலியில் 20 வீதமும் பதியாதவரிடம் 30 வீதமும் முன்கூட்டியே பிடிக்கப்படும்; பொருள் செலவில் பிடிக்கப்படாது. லண்டனில் கட்டட வேலை செய்யும் ஈழத்தமிழர் பலர் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

மூலதனச் செலவு என்ற விலக்கு, விடுதி நடத்துவோரையே அதிகம் தொடுகிறது. நிலாவெளியில் புதிய அறைத் தொகுதி ஒன்றைக் கட்ட மேசனுக்கு 30 இலட்சம் கொடுத்தால், அதை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. கட்டடம் பல ஆண்டு உழைக்கும் சொத்து. அதன் பெறுமதி 20 ஆண்டுகளுக்குச் சமமாகப் பகிர்ந்து ஆண்டுதோறும் கழிக்கப்படும். மேசனின் கூலியும் அந்தப் பெறுமதியில் சேரும், எனவே இங்கும் பில் தேவை. இன்று தொலைந்த பில், 20 ஆண்டுக் கழிவையும் கொண்டுபோய்விடும். திருத்த வேலைக்கு இடைப்பட்ட ஒரு வழி உண்டு. உபயோகத்திலுள்ள கட்டடத்தின் திருத்தம், மேம்பாடு ஆகியவற்றின் செலவை, அக்கட்டடத்தின் எஞ்சிய பதிவுப் பெறுமதியில் 5 வீதம் வரை அதே ஆண்டில் கழிக்கலாம். இயந்திரம் போன்ற ஏனைய சொத்துகளுக்கு இந்த எல்லை 20 வீதம். அதற்கு மேற்பட்டது சொத்தின் பெறுமதியோடு சேர்ந்து பின்வரும் ஆண்டுகளில் கழியும். பிறருக்காகக் கட்டிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர் கட்டும் கட்டடம் அவருடைய சொத்தல்ல, விற்கும் வேலை.

வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கணினி வேலை செய்யும் இளைஞர்களும் இன்று இந்த வட்டத்துக்குள் வருகிறார்கள். வெளிநாட்டுச் செலாவணியாக வங்கி வழி வந்த சேவை வருமானத்துக்கு முன்பு விலக்களிக்கப்பட்டிருந்தது. விலக்குப் பெற்ற வருமானத்துக்கான செலவைக் கழிக்க முடியாது என்பதால் கழிவைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் அது உச்ச அளவு 15 வீதம் என்ற வரிக்குள் வந்துவிட்டது. ஆகவே, வந்த வேலையில் ஒரு பகுதியைக் கந்தளாயிலோ மூதூரிலோ இருக்கும் நண்பருக்குக் கொடுத்துச் செய்விப்பவர் அந்தக் கொடுப்பனவைக் கழிக்கலாம், ஆதாரத்தோடு. நண்பர் இலங்கையில் வதியாதவராக இருந்து, அந்தச் சேவைக் கட்டணம் இலங்கையை மூலமாகக் கொண்டதானால், 14 வீதம் பிடிக்கும் விதியைப் பார்க்க வேண்டும்.

பெறுமதி சேர் வரி சிறிய ஒப்பந்தக்காரர் பெரும்பாலோரைத் தொடாது. 2024 ஜனவரியில் வீதம் 18 ஆக உயர்ந்தபோது பதிவு எல்லை ஆண்டுக்கு 6 கோடி ரூபா விற்பனையாகக் குறைக்கப்பட்டது. பதிந்தவருக்கு மட்டும் ஒரு குறிப்பு: உப ஒப்பந்தக்காரரும் பதிந்தவராக இருந்து முறையான வரிப் பட்டியல் தந்தால், அதிலுள்ள பெறுமதி சேர் வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் ஈடுசெய்துகொள்ளலாம். அப்படி ஈடுசெய்த தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாக மறுபடி காட்ட முடியாது.

ஆண்டு முழுவதும் சேர்த்த சீட்டுகள் பயன்படும் நாள்களும் குறித்தவை. நடப்பாண்டுக்கான வரியை மதிப்பிட்டு ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். மீதி செப்டெம்பர் 30க்குள், வருமான விவரத்திரட்டு நவம்பர் 30க்குள். தவணை கணக்கிடும்போதே உப ஒப்பந்தக்காரர்களுக்குப் போகும் பணத்தைக் கழித்து மதிப்பிடுபவர், தேவைக்கு மேல் கட்டிவிட்டுத் திருப்பிப் பெறக் காத்திருக்கும் நிலையைத் தவிர்ப்பார். சீட்டுகளையும் வங்கிக் கூற்றுகளையும் உடன்படிக்கைகளையும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். கட்டடச் சொத்தோடு தொடர்புடையவற்றை அச்சொத்தின் கழிவு முடியும்வரை வைத்திருப்பது உத்தமம். திணைக்களம் கழிவு ஒன்றை ஏற்க மறுத்து மதிப்பீடு அனுப்பினால், அது கிடைத்து 30 நாளுக்குள் நிர்வாக மீளாய்வு கோரி எழுதலாம். அதிலும் தீராவிட்டால் 2011ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வரி மேன்முறையீட்டு ஆணைக்குழு இருக்கிறது. இரண்டு இடத்திலும் முதலில் கேட்கப்படுவது உடன்படிக்கையும் பில்லும் பணம் போன தடயமும்தான்.